பன்னிரண்டு வாரம், நான்கு மொழி

சோப்பு படாத, நன்றாக உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்று. அதில் இரண்டு மில்லி ரத்தம். சுவரில் ஒரு கடிகாரம். பாம்பு கடித்து வந்தவரின் உடம்பில் விரியன் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்க இவ்வளவு போதும். குழாயை அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு மெல்லச் சாய்க்க வேண்டும். உறைந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீர்போல ஓடினால் விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்ற வேண்டியதுதான். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் தவறான முடிவு வரும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் அதே கதைதான். மருத்துவக் கல்லூரியில் இதையெல்லாம் லேப் பார்த்துக்கொள்ளும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவரும் ஸ்டாஃப் நர்சும்தான் பார்க்க வேண்டும்.

கட்டுவிரியன் என்றால் இந்தக் குழாயும் கைகொடுக்காது. அது கடித்த இடத்தில் வீக்கமும் இராது, பெரிதாக வலியும் இராது. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வந்து நிற்பார். அல்சர் ஊசி போட்டு அனுப்பிவிடத் தோன்றும். கண் இமை கனத்துத் தொங்குகிறதா என்று அந்த நேரத்தில் பார்க்கத் தெரிந்தவர் பிழைக்க வைப்பார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலை எந்த மாணவரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிடுவார். இமையைப் பார்க்கும் பழக்கம் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் வரும்.

அப்படிக் காட்டித்தர ஏற்ற ஊர்களில் ஒன்று வேப்பனப்பள்ளி. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, கர்நாடகமும் ஆந்திரமும் தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கும் வட்டாரத் தலைமையிடம். சுற்றிலும் மாந்தோப்பு, தக்காளிக் காடு, கிரானைட் குவாரி, அவ்வப்போது யானை நடமாடும் காட்டோரம். இளவட்டங்களில் பலர் ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், சில தெருக்களில் உருது. வயிறு வலித்தால் ஒருவர் ‘கடுப்பு நொப்பி’ என்பார், அடுத்தவர் ‘ஹொட்டெ நோவு’ என்பார். தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த ஹவுஸ் சர்ஜன் முதல் வாரம் முழுக்க நர்சம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும்.

இந்த மாதிரி ஊருக்கு மாணவரை ஏன் அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1961-இல் அமெரிக்காவில் கெர் ஒயிட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஓர் உடம்புக் கோளாறு வருகிறது. அவர்களில் 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேருபவர் ஒரே ஒருவர். மருத்துவ மாணவரின் படிப்பு ஏறக்குறைய முழுவதும் அந்த ஒருவரைச் சுற்றி நடக்கிறது. மீதி 249 பேருக்கு என்ன வியாதி, எப்படி ஆரம்பித்தது, எத்தனை பேருக்கு மருந்தே இல்லாமல் சரியானது என்பது அவர் கண்ணில் படுவதே இல்லை.

நம் நாட்டில் இதை முதலில் உரக்கச் சொன்னது 1946-இல் வந்த, ஜோசப் போர் தலைமையிலான கமிட்டியின் அறிக்கை. ‘சமூக மருத்துவர்’ உருவாக வேண்டும், அதற்கு நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. அந்தக் கமிட்டியில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் ஓர் உறுப்பினர். அடுத்து ஸ்ரீவாஸ்தவா குழு 1975-இல் அதையே இன்னும் காரமாகச் சொன்னது. 1977-இல் ‘ரோம்’ என்று சுருக்கிச் சொல்லப்பட்ட திட்டம் வந்தது: ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களைத் தத்தெடுக்க வேண்டும், பேராசிரியர்களும் மாணவர்களும் அங்கே போய் வர வேண்டும். போய்வர பிரிட்டன் உதவியில் பெரிய மருத்துவ வேன்கள் வந்து இறங்கின. கிராமத்துச் சாலைக்கு அவற்றின் உடம்பு ஒத்துவரவில்லை. பல வேன்கள் கல்லூரி வளாகத்திலேயே துருப்பிடித்தன. திட்டமும் மெல்ல மெல்லக் காகிதமாகிப் போனது.

இப்போது நடப்பது மூன்றாவது சுற்று. 2021-22-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். அணியிலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. முதலாண்டிலேயே மாணவர் கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பெடுத்து, மூன்றாண்டு அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். நினைப்பு நல்ல நினைப்பு. நடைமுறையில் பஸ்ஸில் நூறு பேர் போய் இறங்கி, பிரஷர் பார்த்து, படிவம் நிரப்பி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பும் சுற்றுலாவாக அது சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. படிப்பு முடிந்த பின் வரும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் காலத்துக்கு 2021 நவம்பர் விதிகள் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் ஒதுக்குகின்றன. வேறெந்தத் துறைக்கும் இவ்வளவு இல்லை. பொது மருத்துவத்துக்கும் பொது அறுவைக்கும் ஆறாறு வாரம்தான், மகப்பேற்றுக்கு ஏழு.

ஆனால் அந்த 12 வாரத்துக்கு மாணவர் விடுதிகளில் இருக்கும் பெயர் வேறு: ஓய்வு. பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த நேரம். காலையில் கையெழுத்து, பகலில் கோச்சிங் வீடியோ. மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கையெழுத்தைத் தவிர வேறெதையும் அங்கே யாரும் கேட்பதில்லை என்று அவருக்குத் தெரிகிறது. அதனால் அவரும் வேறெதையும் கொடுப்பதில்லை.

கேட்க ஆள் இருந்தால், வேப்பனப்பள்ளி மாதிரி ஓர் ஊரின் ஓ.பி. அறை சொல்லித்தராத பாடம் குறைவு. கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நாற்பது வயதுக்காரருக்கு சுகர். பகல் ஷிப்ட் ஒரு வாரம், இரவு ஷிப்ட் ஒரு வாரம். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று சீட்டில் எழுதிக்கொடுத்தால் அவருக்கு எந்தச் சாப்பாடு காலைச் சாப்பாடு? இரவு ஷிப்டில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கேண்டீன் சாப்பாட்டைத் தவறவிட்டால் மெஷின் பக்கத்தில் மயங்கி விழ நேரும். மாத்திரையை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா? இதற்குச் சமூக மருத்துவப் பாடநூலான ‘பார்க்’கில் பக்கம் கிடையாது. ஷிப்ட் அட்டையைக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்து எழுதிக்கொடுக்கும் மருத்துவர்தான் இங்கே பாடப்புத்தகம்.

மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருது வரை போன திட்டம். அதன் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறவர்கள். யார் மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கிறார், யார் பாதியை மாமியாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஹவுஸ் சர்ஜன் அவர்களோடு ஒரு வாரம் நடந்தால், சுகர் ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு லேப் ரிப்போர்ட்டில் இல்லாத பதில்கள் கிடைக்கும்.

முழங்கால் வலி என்று வரும் ஐம்பது வயதுக்காரரை வாயைத் திறக்கச் சொல்வது இன்னொரு பாடம். பற்களில் பழுப்புக் கறை தெரிந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டது. குழாயில் காவிரி வந்த பிறகும் பழைய எலும்பு பழைய தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம் கர்ப்பப் பதிவுக்கு வரும் பெண்ணின் ஆதாரில் பிறந்த தேதி. இந்த மாவட்டத்தில் சிறு வயதுக் கல்யாணம் அடிக்கடி செய்தியாகிற விஷயம். கிராம சுகாதார செவிலியர் அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் எப்படிப் பேசுகிறார், எதைப் பதிவு செய்கிறார், யாருக்குத் தகவல் சொல்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடான வகுப்பை எந்தக் கல்லூரியும் நடத்தவில்லை. எல்லாவற்றுக்கும் நடுவே “ஒரு ஊசி போட்டு விடுங்க சார்” என்று கேட்பவரை ஊசி போடாமல் திருப்தியாக அனுப்பும் வித்தையும் இருக்கிறது. அது தெரியாத இடங்களில்தான் போலி டாக்டர்களின் கடை நடக்கிறது.

‘கிராமத்தில் போய்க் கற்றால் பரீட்சையில் பின்தங்கிவிடுவார்கள்’ என்ற பயத்துக்கு ஆஸ்திரேலியாவில் பதில் கிடைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்ட் பகுதிக்கு ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-இல் எட்டு மாணவர்களை அனுப்பியது. இரண்டு மூன்று வாரத்துக்கு இல்லை. முக்கியமான கிளினிக்கல் ஆண்டு முழுவதையும் அவர்கள் ஊர்ப் பொது மருத்துவர்களிடமே கழித்தார்கள். அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் என்று துறை துறையாகப் பிரிக்காமல், கதவைத் திறந்துகொண்டு யார் வருகிறாரோ அவரிடமிருந்து கற்றார்கள். பால் வொர்லியும் மற்றவர்களும் 2004-இல் பி.எம்.ஜே. இதழில் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் படித்தவர்களின் தேர்வு மதிப்பெண் பெருநகர மருத்துவமனையில் படித்தவர்களைவிட மேம்பட்டிருந்தது. அங்கே அந்த ஊர் மருத்துவர் வெறும் மேற்பார்வையாளராக இல்லை, ஆசிரியராகவே இருந்தார். என் பார்வையில் விஷயத்தின் மையம் இதுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. வேலூர் சி.எம்.சி. தன் முதலாண்டு மாணவர்களைக் கிராமத்திலேயே சில வாரம் தங்கவைத்துப் படிப்பைத் தொடங்குகிறது. கே.வி.குப்பத்தில் 1977 முதல் அதன் ‘ரூசா’ என்ற கிராம சுகாதார மையம் இருக்கிறது. பக்கத்து தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் ஒரு ஓலைக் கொட்டகையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். மலைவாழ் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். இளம் மருத்துவர்கள் அங்கே தேடிப் போய்க் கற்பதற்குக் காரணம் கட்டடமோ கருவியோ அல்ல. முப்பது வருடமாக அதே ஊரில் இருக்கும் ஆள், மூன்று தலைமுறையின் இருமலைக் கேட்டவர், பக்கத்தில் நிற்கிறார்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்படி ஓர் ஆள் நிலைப்பது கடினம். தமிழ்நாட்டில் கிராமப் பணி செய்த அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கான மாநில உரிமையை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31-இல் உறுதிப்படுத்தியது. அந்த ஒதுக்கீடு இல்லையென்றால் பல நிலையங்களில் நாற்காலியே காலியாக இருக்கும் என்பது உண்மை. ஊர் பிடிபட்டு, மொழி வாயில் புகுந்த நேரத்தில் மருத்துவர் பி.ஜி. படிக்கப் புறப்படுகிறார் என்பதும் உண்மை. இருக்கிறவருக்கும் ஆசிரியர் என்ற தகுதி கிடையாது. 2025 ஜூலையில் வந்த புதிய விதிகள், 220 படுக்கைக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனையில் 10 ஆண்டு அனுபவமுள்ள நிபுணரை இணைப் பேராசிரியர் ஆக்கக் கதவைத் திறந்தன. தரம் உயர்த்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வழக்கமாக 30 படுக்கைதான். ஆக, நோயாளிகளில் பலர் முதலில் வந்து நிற்கும் இடத்து மருத்துவருக்குக் கற்பிக்கும் பதவி இல்லை. கற்பிக்கிற நேரத்துக்குச் சம்பளமும் இல்லை.

கிருஷ்ணகிரி போலுப்பள்ளியில் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது. அன்று மாநிலத்தில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. நான்கரை ஆண்டுக் கணக்குப்படி அதன் முதல் அணி ஹவுஸ் சர்ஜன் ஆகும் ஆண்டு 2026. 12 வாரத்தை ஐந்தாறு மையங்களுக்குத் துண்டு போடாமல் ஒரே நிலையத்தில் கழிக்க விட்டால், முதல் வாரம் பார்த்த சுகர்காரரைப் பன்னிரண்டாம் வாரமும் பார்க்கலாம். நிலைய மருத்துவருக்குக் கௌரவ ஆசிரியர் பதவியும் ஒரு சிறு தொகையும் கொடுக்கலாம். தங்க அறை, மாணவிகளுக்குப் பூட்டக்கூடிய கதவும் கழிப்பறையும், இரவில் சாப்பாடு எல்லாம் வேண்டும்: கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பிற்பகல் மூன்று மணிக்கே கிளம்பிவிடும் ஹவுஸ் சர்ஜன் இரவு வரும் பாம்புக் கடியை எப்போதும் பார்க்கப் போவதில்லை. 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள். எல்லையோரப் பள்ளிகளிலிருந்து போகிறவர்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் இருப்பார்கள். போஸ்டிங் பட்டியல் போடுகிறவர் வீட்டில் என்ன மொழி என்று ஒரு வரி கேட்டுவிட்டு, அவர்களில் ஒருவரையும் வெளியூர்க்காரர் ஒருவரையும் ஜோடி சேர்த்து வேப்பனப்பள்ளிக்கு அனுப்பலாம். அதற்குப் புது அரசாணை எதுவும் தேவையில்லை.