சுரங்கம் மூடுமுன் எழுதவேண்டிய கணக்கு

ஒரு தொழில் ஓர் ஊரில் வேர்கொள்ளும்போது அதற்கு அடிக்கல் நாட்டவும், அதன் பெருமையை மேடையேறிப் பேசவும் ஆட்கள் கூடுகிறார்கள். அதே தொழில் தன் காலம் முடிந்து ஓயும்போது, அதை நம்பி மூன்று தலைமுறையாக ஜீவனம் நடத்திய குடும்பங்கள் நாளைக்கு என்ன செய்யும் என்று கேட்க ஒருவரும் முன்வருவதில்லை என்பதே உலகில் பெரும்பாலும் நடந்துவந்த வழக்கம். நிலக்கரியின் விஷயத்தில் இந்த வழக்கம் மாறியே தீரவேண்டும். பூமியின் வெப்பம் ஏறிவருவதற்கு நிலக்கரியின் புகை தலையாய காரணங்களுள் ஒன்று என்பதில் இன்று ஐயமில்லை. ஆகவே அதை விட்டு விலகத்தான் வேண்டும். ஆனால், உலகத்தார் அனைவருக்கும் நன்மை தரும் ஒரு காரியத்தின் விலையைச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்கள் மட்டும் கொடுக்கவேண்டும் என்பது எந்தத் தர்மத்துக்கும் அடுக்காது. தொழிலாளர் கைவிடப்படாமலும் ஊர்கள் பாழாகாமலும் நிலக்கரியிலிருந்து விலகும் வழியைத்தான் 'நியாயமான மாற்றம்' என்கிறார்கள். 2015-இல் பாரிஸ் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் முகவுரையிலும் இந்தக் கருத்து இடம்பெற்றது.

இதைச் செய்துகாட்டியவர் உண்டா என்று கேட்டால், குறைகள் பல இருந்தபோதிலும், ஜெர்மனியின் ரூர் பிரதேசத்தையே முதலில் சுட்டவேண்டும். எஸ்ஸன், போகூம், கெல்சன்கிர்ஹன், டார்ட்மண்ட் என்று ஒன்றையொன்று ஒட்டினாற்போல் கிடக்கும் அந்தத் தொழில் நகரங்களுக்கு நிலக்கரியும் இரும்புமே பிராணன். 1957-இல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் வேலை செய்தார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரூர் பிரதேசத்தவர். மறு ஆண்டிலேயே நெருக்கடி தொடங்கிவிட்டது. மலிவான எண்ணெயும், கப்பலேறி வந்த அமெரிக்க நிலக்கரியும் சந்தையைப் பிடித்துக்கொள்ள, வெட்டியெடுத்த கரி விலைபோகாமல் சுரங்கங்களின் வாயிலில் மலைபோல் குவிந்தது. 1959 செப்டம்பரில் சுமார் 60 ஆயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் கறுப்புக் கொடிகளை ஏந்தி அன்றைய தலைநகர் பான் வீதிகளில் ஊர்வலம் சென்றார்கள்.

அந்தக் குரலைக் கம்பெனிகள் புறக்கணிக்க இயலாதபடி ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது என்பது இந்த வரலாற்றின் விசேஷம். நிலக்கரி, இரும்புத் தொழில்களை நடத்தும் பெரிய கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் முதலாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் சரிபாதி இடம் வேண்டும் என்றும், தொழிலாளர் நலனைக் கவனிக்கும் நிர்வாகியைத் தொழிலாளர் பிரதிநிதிகளின் விருப்பத்துக்கு மாறாக நியமிக்கலாகாது என்றும் 1951-இலேயே அந்நாடு விதித்திருந்தது. ஆகவே சுரங்கத்தை மூடும் தீர்மானம் எங்கோ ஓர் அறையில் எழுதப்பட்டு, கதவில் ஒட்டிய அறிவிப்பாகத் தொழிலாளியை வந்தடையவில்லை. எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு, அதில் உள்ளவர் எங்கே போவது என்ற ஒவ்வொரு கேள்வியிலும் அவனுடைய பிரதிநிதி எதிரே உட்கார்ந்து பேசினார். 1968-இல் பெரும்பாலான சுரங்கக் கம்பெனிகள் ஒரே ஸ்தாபனமாக இணைக்கப்பட்டபின், மூடப்படும் சுரங்கத்தின் ஆட்களை மூடப்படாத சுரங்கத்துக்கு மாற்றுவது சுலபமாயிற்று. பல ஆண்டுகள் பூமிக்கடியில் உழைத்தவர்கள் 50 வயதளவிலேயே விலகி, ஓய்வூதியம் கைக்கு வரும்வரை உதவித்தொகை பெற 1970-களில் ஏற்பாடாயிற்று. 1961-இல் துருக்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்து சுரங்கத்தில் சேர்ந்தவர்களும் மற்றவர்களோடு ஒரே தொழிற்சங்கத்தில் உறுப்பினராய், அதே சம்பள விகிதத்தில் இருந்தார்கள்.

அந்தச் சுரங்கங்களில் உடை மாற்றும் கூடம் ஒன்று உண்டு. உயர்ந்த கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான சங்கிலிகள் தொங்கும். ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் ஒரு கொக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தொழிலாளி தன் துணியை அதில் மாட்டிச் சங்கிலியை மேலே இழுத்துப் பூட்டிவிட்டுக் கீழே இறங்குவான். கரி படிந்து ஈரமான வேலை உடை கூரையடியின் வெப்பத்தில் அடுத்த முறைக்குள் உலர்ந்துவிடும். எந்தக் கொக்கிக்கு யார் உரியவர் என்பது பதிவேட்டில் இருந்தது. பெயரில்லாத ஆள் ஒருவரும் சுரங்கத்துக்குள் இல்லை என்ற இந்தச் சாதாரண உண்மைதான், பிற்பாடு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது ஒருவரையும் விட்டுவிடாமல் வழிசெய்வதற்கு அஸ்திவாரமாயிற்று. 2007-இல் சர்க்கார், கம்பெனி, தொழிற்சங்கம் ஆகிய மூவரும் கூடி 2018-ஐக் கடைசி ஆண்டாகக் குறித்தார்கள். அவ்வாறே அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் தேதி பாட்ராப் நகரின் பிராஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட கடைசிக் கரித்துண்டைத் தொழிலாளர்கள் ஜனாதிபதி ஸ்டைன்மையரின் கையில் கொடுத்தார்கள். 6 லட்சம் பேர் செய்த ஒரு தொழிலை முடித்துவைக்க 60 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். ஆட்களை மொத்தமாகத் தெருவில் தள்ளாமலே முடித்தார்கள்.

தொழிலாளியின் சம்பளத்தோடு பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் ரூர் உணர்ந்திருந்தது. அதற்குமுன் பல்கலைக்கழகமே இல்லாதிருந்த அந்தச் சுரங்க நகரங்களின் நடுவே, போகூமில் 1965-இல் ஒரு பல்கலைக்கழகம் பாடம் தொடங்கியது. டார்ட்மண்டில் இன்னொன்று தொடர்ந்தது. தகப்பன் கரி வெட்டிய ஊரிலேயே மகன் பொறியியல் படித்தான். 1986-இல் மூடப்பட்ட ஜோல்வெரைன் சுரங்கம் இடிக்கப்படாமல் காக்கப்பட்டு, 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நூறாண்டுக் காலம் திறந்த சாக்கடையாக ஓடிய எம்ஷர் ஆற்றுக்கு, 500 கோடி யூரோவுக்கும் மேல் செலவிட்டு, மீண்டும் நல்ல நீரோட்டம் தந்தார்கள். சுரங்கம் தோண்டியதால் நிலம் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோனமையால், நீரை இறைக்கும் பம்புகளை என்றென்றைக்கும் நிறுத்த முடியாது. அந்தச் செலவுக்காகவே 2007-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

எனினும் ரூரை ஒரு சுவர்க்கமாக வர்ணிப்பது நியாயமாகாது. செத்துக்கொண்டிருந்த சுரங்கங்களைத் தாங்கிப் பிடிக்க மக்களின் வரிப்பணம் பெருந்தொகை செலவாயிற்று. அதில் ஒரு பங்கையாவது முன்னதாகவே புதிய தொழில்களில் இட்டிருக்கலாம் என்று பொருளாதார நிபுணர்கள் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. சுரங்கம் இருந்த மண்ணில் 1962-இல் போகூமில் எழுந்த ஓபல் கார்த் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. ஒரு பெரிய முதலாளியை நம்பிய ஊர் இன்னொரு பெரிய முதலாளியை நம்பியதன் பலன் அது. கெல்சன்கிர்ஹன் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களில் ஒன்று. சுரங்கத் தொழிலாளி காப்பாற்றப்பட்டான். அவனுடைய பேரனுக்கு அந்த ஊரில் வேலை கிடைப்பது இன்னும் துர்லபமாகவே இருக்கிறது.

ஆனாலும், அவகாசம் கிடைக்காத ஊர்களின் கதி என்ன என்பதை அதே தேசத்தின் கிழக்குப் பகுதியில் பார்க்கலாம். லௌசிட்ஸ் பிரதேசத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் 1989-இல் சுமார் 80 ஆயிரம் பேர் இருந்தனர். இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் பத்தே ஆண்டுகளில் அத்தொகை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. சுரங்கத் தொழிலாளருக்காக வளர்க்கப்பட்ட ஹோயர்ஸ்வெர்டா நகரம் தன் ஜனத்தொகையில் பாதிக்குமேல் இழந்து, குடியிருப்பார் இல்லாத அடுக்குமாடிகளைத் தானே இடித்துத் தள்ளவேண்டியதாயிற்று. அந்தக் காயம் ஆறாததனாலேயே, நிலக்கரி மின்சாரத்தை விடுவது பற்றி ஆலோசிக்க 2018-இல் அமைக்கப்பட்ட குழுவில் தொழிற்சங்கத்தார், தொழிலதிபர், சுற்றுச்சூழல் அமைப்பினர், சுரங்கப் பகுதி மக்கள் எல்லோருக்கும் இடம் தரப்பட்டது. 2038-க்குள் நிலக்கரியை விட்டுவிடுவது, சுரங்கப் பிரதேசங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை உதவுவது என்று 2019-இல் அக்குழு கூறிய யோசனைகள் மறு ஆண்டிலேயே சட்டமாயின.

இவற்றை நாம் அறிந்துகொள்வது தூரதேசச் செய்தியாக அல்ல. இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. 2024-25-இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. ஆயினும் 2070-க்குள் கரியமில வாயுக் கணக்கைச் சமன் செய்வோம் என்று 2021-இல் இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே நம் சுரங்க ஊர்களுக்கும் அந்த நாள் வரும். நம் கண்ணெதிரில் உள்ள நெய்வேலிக்கும் வரும்.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. 1957-இல் நேரு சுரங்கவேலையைத் தொடங்கிவைத்தார். முந்திரிக்காட்டின் நடுவே வட்டம் வட்டமாக ஒரு நகரம் எழுந்தது. அங்கே இன்று நிரந்தர ஊழியரோடு பல்லாயிரம் ஒப்பந்தத் தொழிலாளரும் உழைக்கிறார்கள். நிரந்தர ஊழியருக்குப் பணிப்பதிவேடு உண்டு, வைப்புநிதி உண்டு, வட்டத்தில் வீடு உண்டு; காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் புதியவராக எண்ணப்படும் தொழிலாளிக்கு அவற்றில் எது உறுதி? நிலம் கொடுத்தவர்கள் வேலை கேட்டுக் காத்திருக்கிறார்கள். நிலமே இல்லாமல் அந்நிலத்தில் நாற்று நட்டவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவிக் கிராமத்தில், சுரங்க விரிவாக்கத்துக்காக, பயிர் நின்ற நெல்வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது தமிழ்நாடே பதறியது. சுரங்கம் வளரும்போதே இத்தனை மனத்தாங்கல் என்றால், சுருங்கும்போது எப்படி இருக்கும்? சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் அங்கே வேலை நடக்கும். அந்த நீரில் ஒரு பகுதி சுற்றுப்புற வயல்களுக்குப் பாய்கிறது. பம்பு நிற்கும் நாளில் அந்த விவசாயியின் பாசனத்துக்கும் ஒருவர் பதில் சொல்லவேண்டும்.

சுரங்கத்தை மூடும் செலவுக்கென்று முன்கூட்டியே பணம் ஒதுக்கவேண்டும் என்ற விதி நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பள்ளத்தையும் மண்ணையும் பற்றியது. 2015-இன் சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணமும் உண்டு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்குச் செலவிடும் கடமையும் உண்டு. இவ்விரு நிதிகளையும் மனிதர்பால் திருப்புவதற்குப் புதிதாக ஒரு யுகம் பிறக்கவேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் கொடுத்தவர், நிலமற்ற கூலியாள், சுரங்க வாயிலில் கடை வைத்திருப்பவர் என்று ஒருவர் பெயரும் விடுபடாத ஒரு பதிவேட்டை இன்றே எழுதத் தொடங்கவேண்டும். மூடும் ஆண்டைப் பல ஆண்டுகள் முன்னதாக அறிவித்து, அதைத் தீர்மானிக்கும் குழுவில் அவர்களுக்கும் இடம் தரவேண்டும். பதிவேட்டில் இல்லாதவனுக்கு உதவித்தொகையும் இல்லை, பயிற்சியும் இல்லை, மறுவேலையும் இல்லை என்பதை உணர்ந்து, சுரங்கம் லாபம் ஈட்டும் இந்தக் காலத்திலேயே அந்த லாபத்தில் ஒரு பங்கை இவர்களுடைய பிற்கால வாழ்வுக்கென்று எடுத்துவைப்பது தர்மம் அன்று, கடன். அறுபதாண்டு காலமாக நம் வீடுகளில் விளக்கெரியச் செய்தவர்களுக்கு நாம் பட்ட கடன்.