மலைத்தேனும் மழலைச் செவியும்

சவ்வாது மலைக்குத் தேனும் சாமையும் பெயர் பெற்றவை. அங்குள்ள சிறுவனிடம் "மலைத்தேன் கண்டு மலைத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி விழிப்பான், மறுநொடி சிரிப்பான். ஒலி ஒன்றே, முன்னது மலையும் தேனுமாகப் பிரிகிறது, பின்னது வியப்பைச் சொல்லும் வினையாய் நிற்கிறது. தண்டியலங்காரம் இவ்வகையை மடக்கு என்னும். இலக்கணம் அறியாப் பிள்ளை இதற்குச் சிரிக்கிறதென்றால், சொல்லின் பொருளை ஒருபுறம் ஒதுக்கி ஒலியைத் தனியே எடைபோட அதன் செவி பழகிவிட்டது என்பதே பொருள்.

வாசிப்புக்கு வித்து இத்திறனே. ஒலியொப்புமையை இனங்காணும் மழலையர் பின்னாளில் வாசிப்பிலும் முந்துவதை 1983இல் ஆக்சுபோர்டு ஆய்வாளர் பிராட்லியும் பிரையண்டும் காட்டினர்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு வசதியும் ஓர் இடரும் உள. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் 'தேரு வருதே' என்பதைத் தே, ரு, வ என எழுத்தெழுத்தாகவே அது திருப்புகிறது. ஒலிப்பதிவைப் பின்னோக்கி ஓட்டினாலோ 'ஏதுரவுரேத்' என்று ஏதோ கேட்கும்! நம் எழுத்து அசையளவில் அமைந்தது. அசையைப் பிரிப்பது சிறார்க்கு எளிது. 'நீ வா' என்பதைக் 'கநீ கவா' என்று மறைமொழியாக்கும் விளையாட்டும் அசையளவில் நிற்பதே. மெய்யையும் உயிரையும் தனித்துக் கேட்பதுதான் கடினம். கன்னடச் சிறார்க்கு இவ்வுணர்வு மெல்லவே வாய்ப்பதைச் சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு உரைக்கிறது. கன்னட எழுத்தும் நம்முடையதைப் போல் உயிர்மெய் முறையினதே. எனவே மலையை மாலையாக நீட்டுவதும், வலை, தலை, கலை என முதன்மெய்யை மாற்றுவதும் பொழுதுபோக்கல்ல. உயிர்மெய்யைப் பிளக்கும் பயிற்சி.

சொல்விளையாட்டின் இன்னொரு வடிவமான விடுகதையைத் தொல்காப்பியர் பிசி என்று பெயரிட்டுப் பாட்டோடும் நூலோடும் ஒருசேர எண்ணினார். பின்வந்த பள்ளிக்கூடம் அதனை விளையாட்டுத் திடலுக்கு அனுப்பிவிட்டது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பாடலையும் ஆடலையும் வகுப்புக்குள் அழைத்தது நன்று. அவ்வழியில் சவ்வாது மலையடிவாரத்துப் புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளியும் இயங்குகிறது.

எனினும் மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் (கேரளத்தார் அல்லர், இவர்கள் பேசுவதும் தமிழே) தம் வீட்டு வழக்கை வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைய நேர்வது முறையன்று. அங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களே, முதல் வாரம் அரிச்சுவடியைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகளிடம் அவர்கள் ஊர் விடுகதைகளைக் கேளுங்கள். அவற்றை அவர்கள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதிப் படிக்கச் செய்யுங்கள்.