76 இருக்கைக்கு மேல் கூடாது: அமெரிக்க விமானிகள் ஏன் அடம்பிடிக்கிறார்கள்?

அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் நிறுவனங்களின் பெயரில் சிறு நகரங்களுக்குப் பறக்கும் ஜெட்களில் பெரும்பாலானவற்றை அந்நிறுவனங்களின் விமானிகள் ஓட்டுவதில்லை. வால் பகுதியில் பெரிய நிறுவனத்தின் வண்ணம் இருக்கும், டிக்கெட்டும் அதன் பெயரில்தான். ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற பிராந்திய நிறுவனங்களின் பெயர்கள் சிறிய எழுத்தில் மட்டும் தெரியும். பெரும்பாலான தடங்களில் அட்டவணையும் கட்டணமும் பெரிய நிறுவனத்தின் பொறுப்பு. பிராந்திய நிறுவனம் விமானத்தை ஓட்டிக் கொடுத்துவிட்டு, பேசிய தொகையை வாங்கிக்கொள்ளும்.

இந்த அவுட்சோர்ஸிங்குக்கு எல்லை போடுவது அரசாங்கம் அல்ல. விமானிகள் சங்கம் நிர்வாகத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வெளியே கொடுக்கும் விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது, புறப்படும்போது எடை 86,000 பவுண்டை, அதாவது சுமார் 39 டன்னைத் தாண்டக் கூடாது, எத்தனை விமானங்கள் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு.

அடம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க விமானிக்குச் சம்பளம், ஓட்டும் விமானம், விடுமுறை எல்லாமே பணிமூப்பின்படிதான். நிறுவனத்தின் சிறிய விமானங்கள் வெளியே போனால் புதியவர்களுக்கான அடிமட்ட இடங்களும் கூடவே போய்விடும். 50 இருக்கை ஜெட்களில் தொடங்கிய அனுமதி, 2001 தாக்குதலுக்குப் பின் வந்த திவால் காலத்தில் 70 ஆனது, பிறகு 76 ஆனது. ஒருமுறை விட்டுக்கொடுத்த வேலையைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தத் தலைமுறை அனுபவித்தே தெரிந்துகொண்டது.

பாதுகாப்பும் இதில் கலந்திருக்கிறது. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். பயணிகள் வாங்கியது கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் டிக்கெட். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனம். விமானம் வேகம் இழந்து விழப்போகும் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டதே காரணம் என்றது விசாரணை. துணை விமானி முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து பயணியாகப் பறந்து வந்து பணியேற்றவர். களைப்பு, சொற்பச் சம்பளம், பயிற்சி என எல்லாம் அதன் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தன. பயணிகள் விமான நிறுவனங்களின் விமானிக்குப் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் அமலானது இறந்தவர்களின் குடும்பங்கள் நடத்திய போராட்டத்தால்தான்.

வரம்பால் விசித்திரங்களும் நடக்கின்றன. விமானத் தயாரிப்பாளர் எம்ப்ரேயரின் ஈ175-ஈ2 ஜெட் எரிபொருளை மிச்சப்படுத்தும் புதிய எஞ்சின் கொண்டது. ஆனால் எடை 44 டன்னைத் தாண்டுவதால் பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத் தடங்களில் அதற்கு இடமில்லை. 2022-இல் எம்ப்ரேயர் அந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. 70 இருக்கை ஜெட்டில் 20 இருக்கைகளைக் கழற்றி, அந்த இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரியும் சிற்றுண்டி மேடையும் பொருத்தி, 2019-இல் 50 இருக்கை விமானமாக இறக்கியது யுனைடெட். ஒப்பந்தக் கணக்கில் அது சிறிய விமானம்தானே!

எடை வரம்பை மட்டும் தளர்த்தலாம் என்றே எனக்குப் படுகிறது. இருக்கை வரம்பையும் எண்ணிக்கை வரம்பையும் தொடக் கூடாது. பெரிய விமானங்களைத் தாங்களே ஓட்ட வேண்டும் என்று விமானிகள் கேட்பது நடக்காத காரியமும் அல்ல. 2012-இல் டெல்டா 76 இருக்கை ஜெட்களைக் கூட்டிக்கொள்ள விமானிகள் சம்மதித்தபோது, 88 போயிங் 717 விமானங்கள் டெல்டாவுக்கே வந்தன. இன்று அதே நிறுவனத்தின் 109 இருக்கை ஏர்பஸ் ஏ220-100 விமானங்களையும் டெல்டாவின் சொந்த விமானிகளே ஓட்டுகிறார்கள்.