கேளாமல் வந்த கம்பி

குடும்பத்துடன் பத்து நாள் ராமேசுவர யாத்திரை போய்த் திரும்பினேன். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று சர்ப்பம் போல் இறங்கி, ஜன்னலுக்கு மேலே நான்கு ஆணிகளில் தொற்றிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போவதைக் கண்டேன். ஆணி அடித்த இடங்களில் காரை பெயர்ந்திருந்தது.

மறுநாள் ஏணியுடன் வந்த பையனை விசாரித்தேன்.

"எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஸார் போட்டிருக்கிறோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே!" என்றான்.

ஒருவரும் ஒன்றும் சொல்லாததுதான் இதில் உள்ள தொல்லை. சட்டமோ நம் பக்கம் பேசத்தான் செய்கிறது.

2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, தனியார் இடத்தில் கம்பி போட விரும்புவோர் முதலில் சொந்தக்காரரிடம் விண்ணப்பித்து, அவருடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். உடன்பாடு ஏற்படாவிட்டால், பொது நலனுக்கு அது அவசியம் என்று ஸர்க்கார் தீர்மானித்த பிறகே வேறு வழி உண்டு. அப்பொழுதும் கிடைப்பது உபயோகிக்கும் உரிமைதான்; சுவரும் மனையும் ஒருநாளும் அவர்களுடையவை ஆகிவிடமாட்டா. இதற்கான விதிகள் 2025 ஜனவரி 1 முதல் அமுலில் இருக்கின்றன.

மின்சாரக் கம்பிக்கு 2006-ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. சொந்தக்காரரோ குடியிருப்பவரோ முன்கூட்டிச் சம்மதிக்க வேண்டும். அவர் ஆட்சேபித்தால், ஜில்லா மாஜிஸ்திரேட், போலீஸ் கமிஷனர் அல்லது ராஜ்ய ஸர்க்கார் நியமித்த அதிகாரியிடம் எழுத்து மூலம் அநுமதி பெற வேண்டும். நஷ்ட ஈடோ வருஷ வாடகையோ நிர்ணயிக்கவும் அவ்விதிகளில் இடம் உண்டு.

பெரிய மின் கோபுரங்களின் கதை வேறு. ஸர்க்கார் தனி அதிகாரம் அளித்திருந்தால், சொந்தக்காரரின் முன் சம்மதம் இல்லாமலே அவை வயலில் எழும்பலாம். வெள்ளையர் காலத்து 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் அந்தப் பகுதியை, 2023-ஆம் வருஷத்துச் சட்டமும் இதற்காக வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கூடியவரை குறைந்த சேதம், ஏற்பட்ட சேதத்துக்கு முழு நஷ்ட ஈடு என்பவை அதிலேயே கண்ட நிபந்தனைகள். ஈடு போதாதென்றால் ஜில்லா நீதிபதியிடம் முறையிடலாம்.

சரி, கம்பி வந்துவிட்டது, என்ன செய்வது? கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். வேண்டுமென்றே சேதப்படுத்தினால் நாமே குற்றவாளிக் கூண்டில் நிற்கவும் நேரலாம். முதலில் தேதியுடன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி யாருடையது என்று விசாரியுங்கள். 'எந்த உத்தரவின் பேரில் போட்டீர்கள்? அதன் நகலை அனுப்புங்கள்; இல்லையேல் கம்பியை அகற்றிச் சுவரைச் செப்பனிடுங்கள்' என்று பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் கலெக்டர் ஆபீஸும் ஸிவில் கோர்ட்டும் இருக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. தாட்சண்யத்துக்காக, "போட்டுக்கொள்ளுங்கள்" என்று வாய் வார்த்தையாகச் சொல்லிவிடாதீர்கள். 1882-ஆம் வருஷத்து அநுபோக உரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் உங்கள் அநுமதியை நம்பிப் பணம் செலவழித்து நிரந்தரமான வேலை எதையும் செய்துவிட்டால், அந்த அநுமதியைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. கம்பி எந்த இடத்தில் போகும், எத்தனை காலம் இருக்கும், நாளை நீங்கள் மாடி கட்டினால் யார் செலவில் அகற்றுவது என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பின்பே தலையசையுங்கள்.

நானும் கடிதம் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் அதே பையன் ஏணியுடன் வந்தான். கேபிளை அவிழ்த்து, அதற்குச் சந்தா கட்டும் அடுத்த வீட்டுக்காரரின் சுவர் வழியாகவே கொண்டுபோனான். ஆணித் துவாரங்களில் ஸிமெண்டும் பூசினான்.

"முன்பே சொல்லியிருக்கக் கூடாதா ஸார்?" என்றான்.

"முன்பே கேட்டிருக்கக் கூடாதா தம்பி?" என்றேன்.