கொட்டிலைச் சுற்றி ஒரு தோட்டம்

"சுவாமி, இது எங்கட காணியே? நாளைக்கு எழும்பு எண்டால் எழும்ப வேணும். இதில என்னத்தை நடுறது?"

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிடம் வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேசப் போகும் போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகின்றது. நியாயமான கேள்விதான். வயலும் தோட்டமுமாக வாழ்ந்த ஒருவருக்குப் பிறத்தியாரின் காணியில், கொட்டிலுக்கும் வேலிக்கும் இடையில் கிடக்கும் நாலு முழ நிலத்தைக் காட்டி இதைக் கொத்துங்கள் என்று சொன்னால் மனம் வராது. ஆனால் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களில் சில, முப்பது வருடங்கள் கடந்தும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருந்தன. வேறு சிலரோ வந்த இடத்தில் அடுப்பு மூட்டி மூன்று மாதம் முடியுமுன்னரே மறுபடியும் லொறி ஏறினார்கள். இரண்டில் எது நமக்கு நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே எதை நடுவது என்று தீர்மானிக்கும்போது இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். எத்தனை நாளில் பயன் தரும்? எழும்ப வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போகலாமா?

இதை நான் பிழை செய்துதான் கற்றுக்கொண்டேன். 2010 இல் ஓர் இடைத்தங்கல் முகாமில் குடும்பத்துக்கு இரண்டு தென்னங்கன்று வீதம் கொடுத்தோம். நல்ல கன்றுகள். தென்னை காய்க்க ஐந்தாறு வருடம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அடுத்த வருடமே அந்தக் குடும்பங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. ஓர் அம்மா கன்றைக் கிண்டி எடுத்து லொறியடிக்குக் கொண்டுவந்தார். கட்டில், பானை சட்டி, ஆடு எல்லாம் ஏற்றிய பிறகு கன்றுக்கு இடம் இருக்கவில்லை. அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது முப்பது நாளில் சட்டிக்குள் போகும் கீரை.

கீரையிலிருந்தே தொடங்குங்கள். முளைக்கீரை விதைத்து 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். விதை மிகச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும், மற்ற இடம் வெறுமையாகக் கிடக்கும். ஒரு பிடி விதைக்கு நாலைந்து பிடி உலர்ந்த மணல் கலந்து தூவி, மேலே மெல்லிதாக மண் மூடினால் போதும். பலர் விடும் பிழை, முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைப்பது. ஒரு கிழமைக்குள் எல்லாம் முற்றிவிடும், பிறகு ஒரு மாதத்துக்கு ஒன்றும் இராது. பாத்தியை நாலாகப் பிரித்துக் கிழமைக்கு ஒரு துண்டாக விதையுங்கள். முதல் துண்டைப் பிடுங்கிய இடத்தில் கொஞ்சம் எரு போட்டு மறுபடி விதைக்கலாம். கீரைக்கு அடுத்தபடி வெண்டியும் பயிற்றையும். ஏறக்குறைய ஐம்பது, அறுபது நாளில் காய் ஆயலாம். பசளி ஒரு கொடி இருந்தால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாள் கூடத் தேவை. அவற்றை நிலத்தில் வைக்காமல் பையில் வையுங்கள். அரிசிப் பை, யூரியாப் பை எதுவும் உதவும். யூரியாப் பை என்றால் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பூச்சிமருந்து வந்த வாளி, பேணி எதையும் இதற்கு எடுக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் சரிவராது. பையின் அடியில் நாலைந்து துளை இட்டு, வாயை வெளிப்பக்கமாக அரைவாசிக்குச் சுருட்டிவிடுங்கள். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு; களிமண்ணானால் மணலும் ஒரு பங்கு. 50 கிலோ பையை முட்ட நிரப்பினால் ஈர மண்ணோடு இரண்டு பேராலும் அசைக்க முடியாது. அரைவாசி போதும். ஒரு பைக்கு ஒரு கத்தரி அல்லது இரண்டு மிளகாய். பையைக் கல்லின் மேல் வைத்தால் அடியால் நீர் வடியும், கறையானும் குறையும்.

இந்தப் பைகள் வெயிலில் சில மாதங்களில் உக்கிப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கும்போதுதான் கிழியும், அதுவும் லொறி வந்து நிற்கும்போதுதான் கிழியும். வெயில் படும் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாத்திவிட்டு, இடையிடையே பையை அமத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கும் நோக்கம் இல்லாதவர்கள் ஒரு பையை முட்ட நிரப்பி, நடுவில் மேலிருந்து அடிவரை சிறு கற்களால் ஒரு தூண் அமைத்து, பக்கங்களில் கீறிக் கீரைக் கன்றுகளைச் செருகலாம். கல்லின் மேல் ஊற்றும் நீர் எல்லாத் தட்டுக்கும் கசியும்.

தண்ணீரைப் பற்றி. குழாயடியில் வரிசையில் நின்று சுமந்த நீரைக் கன்றுக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது, ஊற்றவும் தேவையில்லை. அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர் இரண்டையும் ஒரு வாளியில் சேர்த்தாலே ஏழெட்டுப் பைக்குக் காணும். சவர்க்கார நீரைக் கீரைக்கு விடாதீர்கள். குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, சருகும் குப்பையும் நிரப்பி, விளிம்பில் இரண்டு வாழை வையுங்கள். சவர்க்கார நீர் அதற்குப் போகட்டும். கிடங்கில் நீர் தேங்கி நின்றால் நுளம்பு பெருகும். சருகு அமிழ அமிழ மேலே போட்டுக்கொண்டே வரவேண்டும். வெறும் பேணி, ரயர், சிரட்டை ஆகியவற்றில் நிற்கும் மழைநீரையும் கிழமைக்கு ஒருமுறையாவது கவிழ்த்து விடுங்கள். தோட்டம் செய்யப் போய் வீட்டில் டெங்கு வரக்கூடாது. கரையோரக் கிணறுகளில் நீர் சவராக இருந்தால் இலையில் தெளிக்காமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள், எருவையும் சற்றுக் கூட்டிப் போடுங்கள்.

பசளைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது பெரிய விவசாயிகள் தவித்துப் போனார்கள். ஆனால் நம்முடைய பெற்றோர் குழை தாழ்த்தி எத்தனையோ போகம் செய்தவர்கள். பூவரசு, கிளிறிசீடியா, வாதநாராயணி எதன் குழையையும் வெட்டி ஒரு சாண் ஆழத்தில் தாழ்த்தி, இரண்டு மூன்று கிழமை கழித்து மேலே நடலாம். வேலிக் கதியாலாகவே கிளிறிசீடியா ஊன்றினால் குழை வீட்டு வாசலிலேயே கிடைக்கும். குழைக்காகப் பாழடைந்த காணிகளுக்குள் போகாதீர்கள், பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு கட்டுக் குழைக்காகக் கால் வைக்கக்கூடாது.

பூச்சிக்கு வேப்பங்கொட்டை. 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

இனி முற்றம். தகரக் கூரைக்குக் கீழே பகலில் எவராலும் இருக்க முடியாது. கொட்டிலின் மேற்குப் பக்கத்தில் நாலு தடி நட்டுக் கயிறு கட்டி, புடோலையோ பாகலையோ அவரையையோ ஏற்றிவிட்டால் இரண்டு மாதத்தில் பின்னேர வெயில் சுவரில் படாது. பிள்ளைகள் படிக்கவும், வயதானவர்கள் காலை நீட்டி இருக்கவும் ஒரு நிழல் வரும். காய் வருமதிதான், ஆனால் நிழலுக்காகவே இந்தப் பந்தலைப் போடலாம் என்பது என் எண்ணம்.

அந்த நிழலிலேயே பாணும் சுடலாம், போறணை தேவையில்லை. தடித்த இரும்புத் தாச்சியில் இரண்டு அங்குலத்துக்கு உலர்ந்த மணல் போட்டு, மூன்று சிறு கல் வைத்து, மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். அரைக் கிலோ கோதுமை மாவுக்குக் கால் கிலோ அவித்து மசித்த வத்தாளங்கிழங்கோ பூசணியோ சேர்த்தால் மா மிச்சம். ஒன்றரைத் தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு. மசியலே ஈரமானது, ஆகவே நீரைப் பார்த்துப் பார்த்து விடுங்கள். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரட்டிப்பாகப் பொங்கும்வரை ஒரு மணி நேரமளவில் மூடி வையுங்கள். பிறகு எண்ணெய் பூசிய ரின்னில் வைத்து, அரை மணி நேரம் கழித்துத் தாச்சிக்குள் இறக்கி, தகர மூடியின் மேல் சிரட்டைத் தணல் பரப்புங்கள். நாற்பது நிமிடமளவில் வேகும். அடியில் தட்டும்போது வெற்று ஓசை கேட்டால் பதம் சரி. முதல் தடவை எனக்கு அடி கருகியது, மேல் வேகவில்லை. கீழே நெருப்பைக் குறைத்து மேலே தணலைக் கூட்ட வேண்டும். மிஞ்சும் சாம்பல் தோட்டத்துக்கு.

காணிக்காரருடன் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு வாழைக்குலைக்காக இரண்டு குடும்பங்கள் வருடக்கணக்கில் முகம் பாராமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். எந்த மரம் யாருக்கு, போகும்போது எதை எடுக்கலாம், எதை விட்டுச் செல்வது என்பதைக் கிராம அலுவலரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ இருக்கும்போது பேசி, முடிந்தால் ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். முருங்கைக்கு இந்தச் சண்டை வராது. மணிக்கட்டுப் பருமனில் நாலடித் தடியொன்று வெட்டி எந்த இடத்திலும் நட்டுக்கொள்ளலாம், மரம் அங்கேயே நிற்கட்டும்.

விதை உங்களுடையது. ஒவ்வொரு வகையிலும் நல்ல செடி ஒன்றில் இரண்டு மூன்று காயை ஆயாமல் முற்றவிட்டு, விதையை நிழலில் காயவைத்து, சாம்பலோடு கலந்து மூடி இறுக்கமான சிறு போத்தலில் போட்டு வையுங்கள். பெயரையும் மாதத்தையும் ஒட்டுங்கள். அந்தப் போத்தல்களைக் கூப்பனும் அடையாள அட்டையும் வைத்திருக்கும் அதே பைக்குள் வையுங்கள்.