நடவு இல்லாத வயல்

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். தேதி தள்ளிப்போனால் விவசாயி நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்க்கும் படம் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. அதில் தப்பில்லை. ஆனால் அதே வயலில் குனிந்து நாற்று நடும் நம் சேரிப் பெண்ணின் படம் வருவதில்லை.

நாகை, திருவாரூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் நாங்கள் வீடு வீடாகப் போனபோது திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: நடவுக்கு ஆள் கூப்பிடுவதே குறைந்துபோச்சு. தண்ணீர் தாமதமானால் நாற்றங்கால் விட நாள் இல்லை. நேரடி விதைப்பாக விதையைத் தெளித்துவிடுகிறார்கள். ஒரு ஏக்கர் நடவுக்குப் பத்துப் பதினைந்து பெண்களாவது இறங்குவார்கள். தெளிப்புக்கு ஓரிரு ஆண்கள் போதும். களைக்கு மருந்து வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அறுப்பு. 2021 ஜனவரியில் பெய்த பருவம் தப்பிய மழையைப் போல ஒன்று வந்து கதிர் சாய்ந்துவிட்டால், ஈர வயலில் பெல்ட் வைத்த அறுவடை எந்திரம்தான் இறங்குகிறது.

எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட முடியாது. காவிரிப் பங்கீட்டுச் சிக்கல் உண்டு, எந்திரத்தின் வசதியும் உண்டு. ஆனாலும் 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்ததையும், 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததையும், அந்தக் கடன் தீருமுன்னே 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியதையும் எப்படி மறப்பது?

கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தார்கள். வேண்டியதுதான். ஆனால் அந்தத் தோப்பில் கீற்று முடைந்தவளுக்கு எந்தக் கணக்கில் எழுதுவது? பயிர் நிவாரணம் அடங்கலைப் பார்த்துத்தான் வரும். அடங்கலில் பெயர் வர நிலம் வேண்டும், குத்தகையாவது வேண்டும். கூலிக்காரிக்கு இரண்டும் இல்லை. போன வேலைநாட்களை அளக்க எந்த அதிகாரியும் நாடாவோடு வருவதில்லை.

வேலை போனால் ஆண்கள் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ பஸ் ஏறுகிறார்கள். வீட்டில் மாமியார், பிள்ளைகள், ஆடு, வாரம் தவறாமல் வசூலுக்கு வரும் குழுக்கடன் எல்லாம் பெண் தலையில். கடன் வாங்கச் சொன்னவர் வெளியூரில் இருப்பார். சங்கத்தில் கையெழுத்துப் போட்டவள் வாசலில் நின்று பதில் சொல்கிறாள். சில வீடுகளில் பத்தாவது முடித்த மகள் நூற்பாலை விடுதிக்குப் போயிருக்கிறாள். மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற பேச்சுதான் இழுக்கிறது. அவள் தம்பி பள்ளிக்கூடம் போகிறான். யாரை நிறுத்துவது என்று அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பேசாமலே முடிவாகிவிட்டது. இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் வகுப்பில் பாதியில் நின்ற தோழிகளை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. புயல் கழிந்து ஒரு குடியிருப்பில், குடிசைக்கான நிவாரண மனுவைக் கணவர் கையெழுத்து இல்லை என்று திருப்பியிருக்கிறார்கள். கணவர் அப்போது திருப்பூரில். குடிசையைக் கட்டிக் காத்தவள் எதிரில் நிற்கிறாள். தாளில் இருக்கும் பெயர்தான் பெரிதாகிவிட்டது.

இதே கீழத்தஞ்சை மண்ணில், கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அந்தச் சாம்பலைப் பார்த்து இந்தப் பக்கமே தங்கிவிட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், லாஃப்டி அமைப்பின் வழியாக நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பெயரிலேயே பதிவு செய்ய வைத்தார். அப்படி நிலம் பெற்ற வீடுகளில் பெண்ணுக்கும் ஒரு தாள் இருக்கிறது.

பேரிடர் நிவாரணத்தில் கூலித் தொழிலாளிக்கு இழந்த வேலைநாளுக்கும் தொகை, வீட்டுமனைப் பட்டா பெண் பெயரில், ஊர் விட்டுப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே விடுதி. ஆகஸ்ட் 15 கிராமசபையில் இவற்றைத் தீர்மானமாக வைக்க மனு எழுதியிருக்கிறோம். முதலில் வந்து கைநாட்டு வைத்த அம்மா, மை காயுமுன்னே, இந்த வருடமாவது நடவு உண்டா என்று எங்களிடமே கேட்டார்.