"நல்லாயிட்டேன்"னு மாத்திரையை நிறுத்தலாமா? மனநல டாக்டர்கள் சொல்வது என்ன?

சென்னை,

யாருமே இல்லாதபோது காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கொல்ல சதி செய்வதாகத் தோன்றும். மனச்சிதைவு போன்ற தீவிர மனநோயின் அறிகுறிகள் இவை. மாத்திரை சாப்பிட்டால் பலருக்கு சில வாரங்களில் குரல் அடங்கி, தூக்கம் வந்து விடும். சிக்கலே அதற்குப் பிறகுதான். "நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்தி விடுகிறார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

மறுநாளே எதுவும் ஆகாது. சில வாரமோ, மாதமோ கழித்துத்தான் நோய் தலைகாட்டும். அதனால் மாத்திரையை விட்டதுதான் காரணம் என்று வீட்டில் புரிவதில்லை. "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று அலைகிறார்கள். மனச்சிதைவு நோயாளிகள் பற்றி 2012-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 100-க்கு 27 பேருக்கு நோய் திரும்பியது. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 64 பேருக்குத் திரும்பியது.

திட்டினால் பலன் இல்லை

மாத்திரையை விட்டவரைத் திட்டுவதை விட, ஏன் விட்டார் என்று கேட்பதே முக்கியம் என்கிறார்கள் டாக்டர்கள். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதும் இந்த நோயின் குணம்தான். அது திமிர் அல்ல. உடம்பு பெருத்துப் போவது, கை நடுக்கம், பகல் முழுக்க தூக்கம் என பக்க விளைவுகளும் உண்டு. தூங்கி வழிந்தால் கூலி வேலைக்கு எப்படிப் போவது? டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

சோற்றில் கலக்கலாமா?

வேறு வழி தெரியாமல் பல தாய்மார்கள் சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கிறார்கள். கண்டுபிடித்து விட்டால், "எனக்கு விஷம் வைக்கிறாங்க" என்ற சந்தேகம் உறுதியாகி விடும். அப்புறம் அம்மா கையால் தண்ணீர் கூட வாங்க மாட்டார். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு 2 வாரம் அல்லது மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அதுபற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

1794-ல் தொடங்கிய சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளிலும் இலவச சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் ஆலோசனை கேட்கலாம்.